சங்கச் செயலாளரின் வீட்டுக்காரர்

அம்பத்தூர் பக்கம் கல்யாண மண்டபம் எதைப் பார்த்தாலும் எனக்கு மேளமும் தாலியும் நினைவுக்கு வருவதில்லை. பூட்டிய கேட்டும், அதற்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண் போலீசும்தான் ஞாபகத்துக்கு வரும். மறியல் செய்த ஆசிரியர்களை வேன் வேனாக ஏற்றினால், அத்தனை பேரையும் வைக்க எந்த ஸ்டேஷனில் இடம் இருக்கிறது? முகூர்த்தமில்லாத நாளில் சும்மா கிடக்கும் மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு ஸ்கூட்டரோடு போய் நிற்பது என் வேலை. உள்ளே இருப்பவள் என் மனைவி, ஆசிரியர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர்.

என்னைப் போல டீச்சர்களைக் கட்டிக்கொண்டவர்கள் பலர் அங்கே நிற்போம். முதல் தடவை நான் தவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கொரட்டூர் ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்தார். "செயலாளரம்மா ஊட்டுக்காரரா நீங்க? அப்ப குந்துங்க சார். அவங்க கடைசியாத்தான் வருவாங்க." அவர் சொன்னது சரிதான். வெளியே வரும் ஒவ்வொரு டீச்சரையும் கூட்டிப்போக ஆள் வந்திருக்கிறதா என்று பார்த்து, வராதவர்களை யாருடைய வண்டியிலாவது ஏற்றிவிட்ட பிறகுதான் என் பக்கம் திரும்புவாள். ஒருமுறை என் ஸ்கூட்டரிலேயே ஒரு டீச்சரை ஏற்றி, ரயிலடியில் விட்டுவிட்டு வரச் சொன்னாள். திரும்பி வந்து பார்த்தால் இவள் வேறு யாருக்கோ துணையாகப் பஸ் ஏறிப் போயிருந்தாள்.

எல்லாம் நூம்பல் பக்கத்துப் பள்ளியில் ஆரம்பித்தது. உடன் வேலை பார்த்த டீச்சருக்குப் பிரசவ விடுப்பை இழுத்தடித்தார்கள். இவள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தவள், உத்தரவு கைக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நியாயம் கேட்க வேண்டிய எல்லோருக்கும் எங்கள் வீட்டு வழி தெரிந்துவிட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்கள் மகன் அப்படித்தான், நிஜமாகவே தானே வளர்ந்தான். அவன் போடும் ஆம்லெட் இன்றைக்கும் பிரமாதமாக இருக்கும்.

எனக்குக் கோபம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்தால் அவள் எதிரே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பிறகு வந்த ஒரு நீண்ட வேலைநிறுத்தத்தில் அவளையும் இன்னும் பலரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். போராட்டம் முடிந்த பிறகு சிலருக்கு மறுபடி வேலை கிடைத்தது, சிலருக்கு இழுத்துக்கொண்டே போனது. அப்போது அதிகாரி ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சங்கப் பொறுப்பை விட்டுவிட்டால் உடனே அயனம்பாக்கம் பள்ளிக்கே உத்தரவு போட்டுத் தருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரையோடு நடந்தே போய்விடலாம். சாயங்காலம் பள்ளி விட்டதும் வீட்டில் இருப்பாள்.

அன்றைக்குச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே இதைச் சொன்னாள். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன்.

"என் இஷ்டத்தை நான் பாத்துக்கறேன். நான் வீட்ல இருக்கணும்னு உங்களுக்கு இருக்கா, இல்லியா?"

"இருக்கு" என்றேன்.

கை நின்றது. "எனக்கும்தான் இருக்கு" என்றாள். பிறகு, "இன்னும் உத்தரவு வராதவங்க இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினாள்.

மறுநாள் போய், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். மற்றவர்கள் எல்லோரும் வேலையில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உத்தரவு வந்தது, அதுவும் ஆவடியைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு. விடியலில் கிளம்பி விளக்கு வைத்த பிறகு வருவாள். ஓய்வு பெற்றதும் வீட்டோடு இருப்பாள் என்று நம்பினேன். ஓய்வு பெற்றவர்களுக்கும் பிரச்சினைகள் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் அவளை வீட்டில் உட்கார வைத்தது நோய்தான். அப்போது காபி அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மழைக்காலத்தில் போய்விட்டாள். துக்கம் கேட்க இன்னும் யாராவது வந்துகொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "அம்மா எங்களுக்காகவே வாழ்ந்தாங்க சார். வீடு வாசல்னு நெனச்சதே இல்ல." நான் தலையாட்டிக்கொள்கிறேன். அவள் நினைத்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கீரைக் கட்டுக்கு முன்னால் அவள் சொன்ன அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் காத்திருந்தேன், போதுமாகத்தான் இருந்தது. இப்போது போதவில்லை.