மாலை போட்ட டிரம்பெட்காரன்

ஸ்டாக்ஹோமில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டு இங்ரிட் ஏலக்காய் பன்னோடு வந்தார். சுவரில் சந்தன மாலையோடு தொங்கும் ஓவியத்தைப் பார்த்தார். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "யாக் பெக்லாகர் சோர்யென்" என்றார். துக்கம் விசாரிக்கும் வாக்கியம். "ஐயோ, உயிரோடுதான் இருக்கிறான், காலையில்கூட மீம் அனுப்பினான்" என்றேன். என் சுவீடிஷ் தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார். தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

உங்களுக்குச் சொன்னால் புரியும். படத்தில் இருப்பவன் செல்வம். மந்தைவெளியில் என்னோடு படித்தவன், கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். வரைந்தது எங்கள் தெருவில் குடியிருந்த ஓவியக் கல்லூரிப் பெண். சிவப்புக் கோட்டு, தங்கப் பொத்தான், மூடிய கண். விரல்கள் சரியாக வரவில்லை. ஆனால் அந்தக் கன்னம்! இரண்டு எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்ததுபோல் உப்பி, மூச்சு இதோ வெளியே வரப்போகிறது, இதோ, இதோ என்று பார்க்கிறவன் நெஞ்சையும் சேர்த்து அடைத்து நிறுத்துகிறது. குழாயைக்கூட மெல்லத் திறக்கும் இந்தக் கட்டிடத்தில் சத்தமான பொருள் அது ஒன்றுதான்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது செல்வத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். மெல்ல ஊதலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன்தான் பெட்டியைத் திறக்கவில்லை. "காத்து வர்லன்னா இன்னா மச்சி பண்றது?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி. ஓவியத்தை என்னோடு எடுத்துப்போகச் சம்மதித்தான். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். வாங்கப் போன அன்று அவனும் வந்தான். கடைக்காரர் காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடியில், செல்வத்தின் நெற்றிக்கு நேரே குங்குமப் பொட்டு. சட்டத்தில் சந்தன மாலை.

"என்னங்க இது?" என்று மாலையைக் காட்டிக் கடைக்காரரைக் கேட்டேன். "ஒத்த ஆளு படம் வந்தா மாலையோடதான் சார் குடுப்போம்" என்றவர், பிறகுதான் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னா மச்சி, என்னிய போட்டுத் தள்ளிட்டியா?" என்றான் செல்வம். முகத்தில் சிரிப்பு இல்லை. விறுவிறுவென்று ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டான். கடைக்காரர் வாங்கித் தந்த டீ என் கையிலேயே ஆறியது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பியவன் கையில் டிரம்பெட் பெட்டி.

கடை வாசலில் நின்று உதட்டில் வைத்தான். முதலில் வெறும் காற்று. அடுத்து குக்கர் மாதிரி ஒரு சீறல். மூன்றாவது தடவை கன்னம் உப்பியது, மாப்பிள்ளை அழைப்பு மெட்டு தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கடையோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "யாருக்கு நைனா கல்யாணம்?" என்றார்.

"எனக்குதாம்மா! மாலகூட ரெடியா கீது, பாரு!"

கடைக்காரர் மாலையைக் கழற்றக் கை நீட்டினார். "வுடு தலைவா, இருக்கட்டும். மால மரியாதையோட ஃபாரின் போறேன்" என்றான் செல்வம், மூச்சு வாங்கிக்கொண்டே.

அதனால்தான் நானும் கழற்றவில்லை. ஞாயிறு காலைகளில் அவனை வீடியோவில் அழைத்து, போனை ஓவியத்தின் கீழே சாய்த்துவைக்கிறேன். மந்தைவெளியில் அப்போது மதியம். "சாப்ட்டு ஊதேன்யா!" என்று அவன் மனைவி பின்னால் கத்துகிறாள். உப்பிய கன்னம் இங்கே, அதன் மூச்சு அங்கே. போன ஞாயிறு இங்ரிட் கதவைத் தட்டினார். படத்தையும் போனையும் பார்த்து, "உயிரோடுதானா!" என்று கூவினார். இந்த முறை குரல் தாழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி ஓசையின்றி விழுந்துகொண்டிருந்தது. கம்பளிக் காலுறைக்குள் என் கால் தாளம் போட்டது, மாப்பிள்ளை ஊர்வலத்தின் கடைசி ஆள்போல, நாலரை மணி நேரம் பின்தங்கி.