ரேலீனின் கை

எடைமேடையின் மேல் ஒரு வெந்நீர்ப் பை படுத்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ரேலீன் டோட் அதை எடுத்துவிட்டு, புறங்கையால் தட்டைத் தொட்டுப் பார்ப்பாள். இன்னும் சில்லென்று இருந்தால் பை மறுபடி படுத்துக்கொள்ளும். கதவுக்கு வெளியே பல நாட்டுப் பெண்கள் வெறுங்காலோடு வரிசையில் காத்திருப்பார்கள். "தட்டு சில்லுனு இருந்தா உடம்பு சுருண்டுக்கும். அப்புறம் முள்ளு ஒரு இடத்துல நிக்காது" என்பது அவள் விளக்கம். இது மின்னெடை, இதில் முள்ளே கிடையாது என்றும், சுருண்டுகொள்வது கைக்குழந்தைகள்தான், இவர்கள் வளர்ந்த துடுப்பு வீராங்கனைகள் என்றும் பலர் சொல்லிப் பார்த்தாயிற்று.

நியூசிலாந்தின் இந்த ஏரிக்கரை ஊரில் ரேலீன் குழந்தை நலச் செவிலி. வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தைகளை எடை பார்ப்பது தொழில். சர்வதேசப் படகுப் போட்டி எங்கள் ஏரிக்கு வரும்போதெல்லாம் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து, இலகு எடைப் பிரிவுப் பெண்களுக்கு எடை பார்ப்பாள். சம்பளம் இல்லை. மதியச் சாப்பாடும் ஒரு தொப்பியும் உண்டு. தொப்பி அவள் தலைக்குப் பெரிது. குனிந்தால் கண்ணை மறைக்கும், நிமிர்ந்தால் பின்னால் விழும்.

இரண்டு வேலைக்கும் ஒரே வித்தியாசம்தான். அங்கே எண் ஏறினால் பெற்றவள் சிரிப்பாள். இங்கே ஏறினால் அழுகை. ரேலீனின் வாய்க்கு இது இன்னும் பழகவில்லை. போட்டியின் முதல் நாளில் ஒரு போலந்துப் பெண் அளவுக்கு மேல் முந்நூறு கிராம் கூடுதலாக நின்றபோது, "சபாஷ் கண்ணு, நல்லா ஏறியிருக்கே" என்று முதுகைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்த அவள் நாட்டிலிருந்தே ஆள் வர வேண்டியிருந்தது.

இரட்டையர் படகில் ஒருத்தி ஐம்பத்தொன்பது கிலோவைத் தாண்டக் கூடாது; இருவரும் சேர்ந்து நூற்றுப் பதினான்கைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒருத்தி தின்றால் மற்றவள் பட்டினி. இந்தப் பிரிவில் தோழியின் தட்டை எட்டிப் பார்க்காமல் சாப்பிடுகிறவள் இல்லை. பந்தயத்துக்கு முன் எடை பார்த்து முடித்துவிட்டால் பிறகு என்ன வேண்டுமானாலும் தின்னலாம், குடிக்கலாம். அதனால் எடை அறையின் வாசலில் எப்போதும் வாழைப்பழத் தோலும் காலிப் புட்டிகளும் கிடக்கும்.

படகுச் சங்கத்தாரோ, ரொட்டியில் வைத்த சாஸேஜ் இறைச்சியும் வதக்கிய வெங்காயமும் விற்கும் கடையை அந்த அறையின் ஜன்னலுக்கு எதிரில், காற்று வரும் திசையிலேயே போடுவார்கள். வேறு இடத்தில் மின் இணைப்பு இல்லையாம். ரேலீன் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணியடைத்து வைப்பாள். "பசியில இருக்கற புள்ளைங்க மூக்குல வெங்காயத்தை ஆட்டுறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று சங்கத்தாரைத் திட்டுவாள். திட்டி முடித்ததும் தனக்கு ஒன்று வாங்கி, அறைக்குப் பின்னால் மறைவாக நின்று தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவாள்.

இனி அந்தக் கையைப் பற்றி. குழந்தையைத் தட்டில் கிடத்தினால் அது உருளும். அதனால் செவிலி ஒரு கையை அதற்கு ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொள்வாள். தொட்டால் எடை தப்பும். எடுத்துவிட்டால் குழந்தை விழும். பசியில் தள்ளாடும் பெண் மேடையில் ஏறும்போதும் ரேலீனின் வலது கை தானாகப் புறப்பட்டு, அவள் முழங்கைக்கு அடியில் போய் நிற்கும். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை. ரேலீனே கவனித்ததில்லை.

இந்த வருடம் இறுதிப் போட்டியன்று கவனித்தவர் ட்ரெவர், ஆஸ்திரேலிய அணியின் மேலாளர். உள்ளூர்ப் பெண்களான ஹினேயும் பிப்பாவும் எடைக்கு வந்திருந்தார்கள். பிப்பா குச்சி, ஹினே உயரம், எலும்பு கனம். ஹினேயைக் கைக்குழந்தையாக எடை பார்த்தவள் ரேலீன். அதை அவள் வரிசை முழுவதும் கேட்கும்படி சொல்வாள். "இந்த ஊர்லயே குண்டுக் குழந்தை இவதான். தொடை மடிப்பைப் பிரிச்சா போன வாரத்து பிஸ்கட் இருக்கும்."

"ஆன்ட்டி, வெளிநாட்டுக்காரங்க எதிர்ல வேணாம்" என்று ஹினே கெஞ்சினாள்.

இருவரும் சேர்ந்து சரியாக நூற்றுப் பதினான்கு. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பிப்பா வாசலைத் தாண்டுவதற்குள் கால் புட்டித் தண்ணீரைக் குடித்தாள். ஹினே நேராக சாஸேஜ் கடைக்குப் போனாள்.

ட்ரெவர் தன் பெண்களோடு அடுத்து நின்றிருந்தார். பொல்லாத ஆள் இல்லை. காலையில்தான் ரேலீனின் தொப்பியைக் கிண்டல் செய்து, அவளிடம் பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய பெண்களுக்கும் அதே இறுதிப் போட்டி. அந்த அம்மாவின் கை ஹினேயின் முழங்கைக்கு அடியில் இருந்தது, தாங்கிப் பிடித்திருந்தால் எடை குறைந்து காட்டியிருக்கும் என்று அவர் தலைமை நடுவரிடம் ஆட்சேபம் சொன்னார். தலைமை நடுவர் ஆன்கா ஹாலந்துக்காரி. கதவில் குனிந்து நுழையும் உயரம், பேச்சு குறைவு. விஷயம் பரவி, ஹினேயும் பிப்பாவும் ஓடி வந்துவிட்டார்கள். ஹினேயின் கையில் பாதி தின்ற சாஸேஜ் ரொட்டி.

ரேலீன் தொட்டாளா என்று ஆன்கா கேட்டாள்.

தொடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ரேலீனின் வாக்கை இந்த ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. பிப்பா, ரேலீனைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். ரேலீன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலை" என்றாள். "தொட்டுச்சோ தொடலையோ, எனக்குத் தெரியாது. இந்தக் கை என்னைக் கேட்டுக்கிட்டா போகுது?"

"ஆன்ட்டி!" என்றாள் பிப்பா.

"தெரியாததைத் தெரியும்னு சொல்லச் சொல்றியா? அப்படிச் சொல்றவ குழந்தையைத் தூக்கவே கூடாதுடி."

அப்படியானால் மறுபடி எடை பார்க்க வேண்டும் என்றாள் ஆன்கா. எடை நேரம் முடிய இன்னும் கால் மணிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வெளியே இருந்த ஒத்திகைத் தராசில் ஏறிப் பார்த்தார்கள். தண்ணீரும் சாஸேஜும் சேர்ந்து இருநூறு கிராம் கூட்டியிருந்தன. குறையாவிட்டால் இறுதிப் போட்டி இல்லை. இத்தனை வருடம் பட்டினி கிடந்ததெல்லாம் வீண்.

வியர்த்தால் எடை குறையும் என்று ஹினே அகப்பட்ட சட்டைகளையெல்லாம் மாட்டிக்கொண்டு, மேலே யாருடையதோ மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓடினாள். இரண்டு பேரும் முறை வைத்துக் கழிப்பறைக்குப் போனார்கள். எச்சிலும் எடைதானே என்று பிப்பா காகிதக் கோப்பையில் துப்ப ஆரம்பித்தாள். பயத்தில் வாய் காய்ந்து எச்சில் ஊறவில்லை. ரேலீன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உதவக் கூடாது, அது விதி. அவள் காரியத்தால்தான் இந்தப் பாடு; அதற்கு விதி எதுவும் இல்லை.

"ஆன்ட்டி, அந்த ஜன்னலைத் திறக்கலாமா?" என்று பிப்பா கேட்டாள்.

ரேலீன் ஆன்காவைப் பார்த்தாள். ஆன்கா விதிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டுவது தெரிந்தது. ஜன்னலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ரேலீன் எழுந்து துணியை உருவி ஜன்னலைத் திறந்தாள். வெங்காய வாசனை உள்ளே வந்ததும் பிப்பாவின் வாயில் ஊறிக் கோப்பை நிறைய ஆரம்பித்தது. "இன்னும் நல்லா வதக்குங்க!" என்று அவள் கடைக்காரர்களைப் பார்த்துக் கத்தினாள். வரிசையில் நின்ற போலந்துப் பெண்களும் ஏதோ கத்தினார்கள். கடைக்காரர்கள் ஒரு கூடை வெங்காயத்தைக் கொட்டினார்கள்.

நேரம் முடியப்போகும் சமயத்தில் இருவரும் வந்து நின்றார்கள். ஹினேயின் முகம் வெளிறியிருந்தது. கை புறப்படாமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சட்டைப் பையில் வைக்கச் சொன்னார்கள். பையிலிருந்தும் வரும் என்றாள் ரேலீன். வேறு ஆளைப் போடலாமென்றால், சான்று வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

"ட்ரெவர், நீங்க வாங்க. என் கையைப் புடிச்சுக்குங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"நானா?"

"ஆட்சேபம் உங்களோடதுதானே? புடிங்க. கடிக்க மாட்டேன்."

ட்ரெவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்தார். எடைமேடைக்கு அருகில் இருவரும் எதிரெதிரே கைகோத்து நின்றதைப் பார்த்து, அவருடைய அணிப் பெண்களே மோதிரம் எங்கே என்று கேட்டார்கள். ட்ரெவரின் காது சிவந்தது. பிப்பா ஏறினாள்: ஐம்பத்தைந்து கிலோ முந்நூறு கிராம். ஹினே ஐம்பத்தெட்டு எழுநூறுக்குள் இருக்க வேண்டும்.

ஹினே ஏறினாள். எண் ஓடியது. ஓடிய களைப்பில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

ரேலீனின் கை வெடுக்கென்று விடுபட்டுப் புறப்பட்டது. அதே வேகத்தில் ட்ரெவரின் இடது கையும் புறப்பட்டது. ஹினேயின் முழங்கைக்கு அடியில் இரண்டு கைகள், ஓர் அங்குலம் தள்ளி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நின்றன.

"இரண்டு பேரும்" என்றாள் ஆன்கா.

இரண்டு கைகளும் பின்வாங்கின. ஹினே பல்லைக் கடித்துக்கொண்டு தானே நிமிர்ந்தாள். எண் இரண்டு முறை மாறி, நின்றது. ஐம்பத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்.

பிப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே கடைக்காரர்கள் கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். ஆட்சேபத்தைத் திரும்பப் பெறும் தாளை ஆன்கா நீட்டினாள். ட்ரெவர் பேனாவை இடது கையில் வாங்கி, கொஞ்சம் தயங்கி, அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டார். அவருடைய வலது கையை ரேலீன் இன்னும் விடவில்லை. விரல் நுனிகள் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.