ஊசி நூலோடு வந்த போட்டிக்காரி

வெயில் ஏறியதும் என் தார்ப்பாயில் சின்னச் சின்னச் சூரியன்கள் உதிக்கும். படிக்கிற கண்ணாடிகளை வரிசையாகப் பரப்பியிருப்பேன். ஒவ்வொரு வில்லையும் தனக்குக் கீழே ஒரு வெளிச்சப் பொட்டை வைத்துக்கொள்ளும். ஆள் வராத நேரத்தில் இருப்பதிலேயே பெரிய பவரை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மொத்தமும் கரைந்துபோகும். சட்டைகள், பிளாஸ்டிக் குடங்கள், தலைகள் எல்லாம் ஒரே நிறக் குழம்பாக மெல்ல மிதக்கும். கூச்சல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு பல ஊர்கள். ஓர் ஊரில் மூட்டை தூக்கப் போனேன். சங்க அட்டை இல்லாதவன் மூட்டையில் கை வைக்கக் கூடாது என்றார்கள். இன்னோர் ஊரில் ஆட்டோ ஓட்டலாம் என்று பார்த்தேன். ஸ்டாண்டில் புது ஆளைச் சேர்ப்பதில்லையாம். கோபமெல்லாம் வரவில்லை, பசிதான் வந்தது. இங்கே தார்ப்பாயை விரித்தபோது என் சாதியையோ படிப்பையோ யாரும் கேட்கவில்லை. விலை கேட்டார்கள். வாரநாட்களில் கிடைத்த வேலையைச் செய்தேன். அரியாங்குப்பத்தில் நான் எடுத்திருந்த அறையின் வாடகையை ஞாயிற்றுக்கிழமைதான் கொடுத்தது. அப்படி மூன்று வருடம் ஒரே ஊரில் இருந்தேன். என் வாழ்க்கையில் அது அதிசயம்.

மூடிப்போன மில் ஒன்றில் தறி ஓட்டிய ஒருவர் வாராவாரம் செய்தித்தாளோடு வருவார். என் சரக்கிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் அடைத்திருக்கும் கடைப் படியில் உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரை படிப்பார். பிறகு வேட்டி முனையால் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். வாங்கியதே இல்லை. என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். எழுபதுக்கு வாங்கி நூறுக்கு விற்பது திருட்டு என்பது அவர் கட்சி. வாங்குகிறவருக்கு அந்த நூறு ரூபாயைவிடக் கண்ணாடி பெரிது, எனக்குக் கண்ணாடியைவிட நூறு ரூபாய் பெரிது, அதனால் இரண்டு பேருமே கொஞ்சம் மேலே ஏறித்தான் பிரிகிறோம் என்பேன் நான். மில் முதலாளியும் இப்படித்தான் பேசினார் என்பார். உங்கள் முதலாளி தனக்கு எதிரே இன்னொரு மில் வர வேண்டும் என்று என்றைக்காவது ஆசைப்பட்டாரா என்று கேட்டேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு எதிரே இன்னொரு கடை வந்தது. குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி. மீன் கூடை சுமந்து முட்டி போய்விட்டதால் கண்ணாடி விற்க உட்கார்ந்திருந்தாள். அதே சரக்கு, எண்பது ரூபாய். இரண்டே ஞாயிறுகளில் என் வியாபாரம் பாதியானது. இப்படியே போனால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். நடைபாதையில் இடம் பிரித்துவிடுகிற ஆள் வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ஒரு வார்த்த சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம அந்தம்மா இங்க இருக்காது."

மில்காரர் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சொல்லிடு மொதலாளி. போட்டி போட்டின்னு நீ எங்கிட்ட வாய் கிழியப் பேசினது யாருக்குத் தெரியப்போவுது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் சரக்கில் ஏதாவது குறை கிடைக்குமா என்று பார்க்கத்தான் தெருவைக் கடந்தேன். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஒரு பூக்காரி கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். உருவிவிட்டு மறுபடி கோத்தாள். மூன்றாவது முறை சிரித்துவிட்டாள். பக்கத்தில், பொறுக்கிப் பார்க்க, ஒரு தட்டில் கல் கலந்த அரிசி வேறு இருந்தது.

"என்னாண்ணே, வேவு பாக்க வந்தியா?" என்றாள் கடைக்காரி.

ஊசி எதற்கு என்று கேட்டேன்.

"படிக்கத் தெரியாதவளுக்குக் கண்ணு இல்லியா?"

மூன்று வருடமாக வருகிறவர்கள் கையில் எல்லாம் ஒரு மருந்துப் பெட்டிக் காகிதத்தைக் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பெண்கள் அதை ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போயிருக்கிறார்கள். விலை கட்டவில்லை போலும் என்று நினைத்தேன். பாதிப் படிப்புக்காரனான எனக்கே அது உறைக்கவில்லை. இவள் வந்து எதிரே உட்கார்ந்திருக்காவிட்டால் கடைசிவரை உறைத்திருக்காது.

சந்தை என்றால் விற்கிறவனுக்குக் காவல் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்த நினைப்புதான் இருந்திருக்கிறது. அது யாருக்கும் காவல் இல்லை. நான் நுழைந்த வாசல் அது, அவ்வளவுதான். நுழைந்தவன் உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டால், அது அந்த மூட்டைச் சங்கம். அதற்குப் போய்ச் சந்தை என்று பெயர் வைத்துத் திட்டுகிறோம்.

இடம் பிரிக்கிறவரிடம் வேண்டாம் என்றேன். பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஓரளவு உண்மை. அடுத்த ஞாயிறு நானும் எண்பதுக்கு இறங்கினேன். என் தார்ப்பாயிலும் ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு. எதிரே பார்த்தால் அவளிடம் படிக்கிறவர்களுக்கென்று புதிதாக ஒரு செய்தித்தாள். சிரிப்பு வந்தது. ஆனாலும் போன வியாபாரம் முழுதாகத் திரும்பவில்லை. அறையை விட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேரோடு ஒரு கூரைக்கடியில் படுத்துக்கொண்டேன். இதைவிட மோசமான இடங்களில் தூங்கியவன்தான்.

மில்காரர் கடைசியில் ஒரு கண்ணாடி வாங்கினார். அவளிடம். அதை மாட்டிக்கொண்டு வந்து வழக்கம்போல என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். என்னிடமும் அதே விலைதானே என்று கேட்டேன்.

"ஒன் வெலய எறக்கினது அந்தம்மாதான. அதான் அங்க வாங்கினேன்" என்றார்.

என் பேச்சையேதான் எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார். பெரிய பவரை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தேன். நிறக் குழம்பிலிருந்து ஒரு பச்சைச் சேலை பிரிந்து என் முன்னால் குந்தியது. கண்ணாடியைக் கழற்றினேன். காகிதத்தின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டு ஊசியை நீட்டினேன். முதல் கண்ணாடியில் நூல் விலகி விலகிப் போனது. அடுத்ததைக் கொடுத்தேன். அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். நூல் ஊசியின் காதுக்குள் நுழைந்தது.

தார்ப்பாயில் ஒரு சூரியன் குறைந்தது.