தொண்ணூறு டிகிரியும் அத்தையின் செருப்பும்

மாமியார் தன் தேய்ந்த செருப்பை எடுத்து மருமகனின் வேலை மேடைமேல் வைப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமே இல்லை. மருமகன் வருகிறார் என்றால் வாசலில் கிடக்கும் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் "வாங்க மாப்ள" என்பார்கள். அப்படிப்பட்ட அத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து, நான் இரண்டு நாள் பாடுபட்டு மட்டம் பார்த்திருந்த மேடையின் நடுவில் வைத்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் மனைவியின் அம்மாவைத்தான் அத்தை என்கிறேன். காவாந்தண்டலத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தவர். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்ப் பழகிய உடம்பு. வரப்பில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு பார்த்தால் அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அந்தக் கால் செருப்புக்கு அடியில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார் எலும்பு டாக்டர். கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஏரியில் நூறு நாள் வேலையாட்களை நிறுத்திப் போட்டோ எடுத்து வருகை போடுவார்கள். அந்த நேரத்துக்கு அத்தை தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கோல் புடிச்சிக்கினு போனா வேலைக்கு சேத்துக்க மாட்றாங்கடி. இப்டியே உக்காந்து துன்னுக்கினு கெடக்க வேண்டியதுதானா?" என்று மகளிடம் அவர் அழுதது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அத்தை அழுது நான் கேட்டது அன்றுதான்.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை எனக்கு. அரை மில்லிமீட்டர் கோணியிருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற ஆள். செருப்புக்கு அடி ஏற்ற வேண்டும் என்றதும், பல வருடமாக எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆசை ஒன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. டிஸ்க் சாண்டர்! சுற்றுகிற தட்டில் உப்புத்தாளை ஒட்டி, அதன் முன்னால் சின்ன மேடை போட்டு, மரமோ ரப்பரோ எதை வைத்து அழுத்தினாலும் வழவழவென்று தேய்த்துத் தருகிற இயந்திரம். இப்போது அதற்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. மனைவி மறுக்க முடியாது. அத்தை வீட்டில் சும்மா கிடந்த கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். உத்திரமேரூர் லேத்துப் பட்டறையில் பத்து அங்குல அலுமினியத் தட்டு கடைந்து வாங்கினேன். ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகை பட்டறையாகிவிட்டது.

"இன்னா மாப்ள, என் மோட்டார்ல இன்னாத்த அரைக்கப் போறீங்க?" என்று அத்தை எட்டிப் பார்த்தார்.

"உங்க செருப்பத்தான் அத்தை."

"ஐயய்யோ, அதெல்லாம் நீங்க தொடக் கூடாது!" என்று பதறிப் போனவர், வாசலில் கிடந்த தன் செருப்பை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். பரவாயில்லை, புதுச் செருப்பு வாங்கிக்கொண்டால் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல்முறை சுவிட்சைப் போட்டபோது கொட்டகையே உறுமியது. தட்டு மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, உப்புத்தாளின் சொரசொரப்பு மறைந்து ஒரே பழுப்பு வட்டமாகத் தெரிந்தது. ஒரு மரத்துண்டை வலப் பக்கம் வைத்தேன். தட்டு அங்கே மேல்நோக்கிச் சுற்றியதால் துண்டைப் பிடுங்கிக் கூரைமேல் அடித்தது. இடப் பக்கம் வைத்தேன்; துண்டை மேடையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு பூப்போலத் தூளைக் கொட்டியது. அந்தத் தூளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி மனைவியிடம் காட்டினேன். "மாவு நல்லா வந்துகீது" என்றாள். நான் சிரிக்கக்கூட நிற்காமல் திரும்பி ஓடினேன். தட்டுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி விட்டேன். மூலைமட்டத்தை வைத்து, டார்ச் அடித்து, இம்மி வெளிச்சம்கூட ஊடுருவாதபடி தொண்ணூறு டிகிரி நிறுத்திப் போல்ட்டை இறுக்கினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. இதை மனைவி படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ரப்பர் அடி அச்சு அசலாக இரண்டு சென்டிமீட்டர் வந்தது. புதுச் செருப்பில் ஒட்டிக் கொடுத்தேன். அத்தை வாசலிலிருந்த முருங்கை மரம் வரை போய்த் திரும்பும்போது கால் மடங்கித் தடுமாறினார். ஸ்கூட்டரைப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு இன்னொரு எலும்பும் போயிருக்கும். "நல்லாத்தான் கீது மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டார். நான் மறுபடியும் அளந்து பார்த்தேன், எல்லாம் சரி. "அளவு சரியாத்தான் இருக்கு, உங்கம்மாதான் சரியா நடக்கல" என்று மனைவியிடம் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். மருமகன் எதிரே நடமாடக் கூடாது என்று அவர் ஒதுங்கியே இருந்தார். மாமியாரின் காலைப் பார்க்கக் கூடாது என்று நானும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் எப்படி நடக்கிறார் என்றே தெரியாமல்தான் அவருக்குச் செருப்பு செய்திருக்கிறேன்.

அதற்கு மூன்றாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. "தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள. ஒங்க எதிர்ல நடந்து காட்ட வெக்கமா கீது. அடிபட்டதுலேர்ந்து இத்தத்தான் போட்டுக்கினு கீறன். நான் எப்டி நடக்கறன்னு இத்தப் பாத்தாத் தெரியும்" என்றார்.

தெரிந்தது. செருப்பின் வெளி ஓரம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. உள் ஓரம் புதுசு மாதிரி அப்படியே இருந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் ரப்பர் தடிமனாக இருக்க வேண்டும். மேடைக்கு அடியிலிருந்த போல்ட்டைத் தளர்த்தினேன். மேடைமேல் செருப்பு எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்ததோ அவ்வளவுக்கு, என் அருமைத் தொண்ணூறைக் கெடுத்து மேடையைச் சாய்த்தேன். கோணலாகப் பொருள் செய்வது என் வாழ்க்கையில் அதுவே முதல்முறை. அந்தச் சாய்விலேயே புது அடியைத் தேய்த்துச் செருப்பில் ஒட்டினேன்; மனசு குதித்தது. அன்று சாயங்காலம் அத்தை முருங்கை மரம் வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். மூன்றாவது நடைக்குக் கோலை மரத்திலேயே சாத்திவிட்டு வந்தார். நான் இந்த முறை தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அந்தச் சாய்வு நின்ற இடத்தில் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். மற்ற வேலைக்கெல்லாம் மேடை தொண்ணூறில் நிற்கும்; அத்தைக்கு மட்டும் அந்தக் கோட்டுக்கு இறங்கும். ஆறு மாதம் ஓடிவிட்டது. இன்று காலை எட்டரைக்கு, தன் வீட்டிலிருந்து நடந்தே வந்த அத்தை, பையும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் வலது செருப்பைக் கழற்றி நேரே மேடைமேல் வைத்தார். புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்து வரிகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. மூலைமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். உள் ஓரமும் வெளி ஓரமும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. வெளிச்சம் துளிகூட ஊடுருவவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தை ஒற்றைச் செருப்போடு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார்.

"அதெல்லாம் அப்புறமாப் பாத்துக்கலாம் மாப்ள. சீக்கிரம் ஒட்டிக் குடுங்க. ஒம்போதுக்கெல்லாம் ஏரில போட்டோ புடிச்சிருவாங்க."