ரிலீஸ் ஆகாத எலும்பு

“நாளன்னிக்கு காலைல அந்த பிளாக் என் டேபிள்ல இருக்கணும்” என்றார் சர்ஜன். கொடுக்க முடியாது என்றேன்.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் எலும்பு வங்கிக்கு அப்போது நான் பொறுப்பு. இடுப்பு மூட்டு மாற்றும்போது வெட்டியெடுக்கும் பந்து எலும்பை, கொடுப்பவர் சம்மதத்தோடு வாங்குவோம். கொழுப்பு நீக்கி, உலர்த்தி, கதிர்வீச்சு கொடுத்து, இன்னொருவரின் எலும்புப் பள்ளத்தில் பொருந்தும் பிளாக்காகச் செதுக்குவோம். அந்த முறையை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த சமயம் அது. கொடுத்தவருக்குச் சில மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யாமல் எதையும் ரிலீஸ் செய்வதில்லை. சில தொற்றுகள் முதல் டெஸ்டில் தெரியாது.

காத்திருந்தவர் முருகன். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் பள்ளமாகிவிட்டது. அவருடைய இடுப்பிலிருந்தே எடுத்து அங்கே வைத்த எலும்பும் ஒட்டவில்லை. அவருக்குப் போதுமான அளவில் எங்களிடம் இருந்தது ஒரே பிளாக்தான்.

“கதிர்வீச்சு குடுத்தாச்சு, அப்புறம் என்னம்மா பயம்? லேட்டானா முட்டி மடங்காம இறுகிடும்” என்றார் சர்ஜன். முட்டி இறுகும் என்பது உண்மைதான். ஆனால் கதிர்வீச்சில் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று உறுதியில்லை.

அன்றே சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். அந்த பிளாக்குக்கு எலும்பைக் கொடுத்த பாக்கியநாதன் (பெயரும் ஊரும் மாற்றியவை) அங்கே தையல்கடை வைத்திருந்தார். பலமுறை கூப்பிட்டும் இரண்டாவது டெஸ்டுக்கு வராதவர்.

“எலும்பத்தான் குடுத்துட்டனே மேடம், இன்னும் என்னா? எதனா நோவுன்னு வெளிய தெரிஞ்சா எவன் எங்கிட்ட துணி குடுப்பான்?”

“உங்களத் தவிர வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

மெஷினை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மறுநாள் மதியம் ரிசல்ட் வந்தது. ஹெபடைடிஸ் சி, ரத்தத்தில் பரவும் கல்லீரல் தொற்று. பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட பேப்பரைப் பார்த்த சர்ஜன், “கேஸ கேன்சல் பண்ணச் சொல்லுங்க” என்றார். பிளாக்கை அழித்தோம்.

முருகனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். காலில் கம்பிகளோடு படுத்திருந்தார்.

“எலும்பு இருக்குதுன்னீங்க. இப்ப இல்லன்றீங்க. யாரோடது, அதுல இன்னா கோளாறு?”

“அது ஆகாது முருகன். அதுக்குமேல என்னால சொல்ல முடியாது.”

“உங்க காலா இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா?”

அடுத்த சில நாளில் கம்பி போட்ட இடத்தில் சீழ் வைத்தது. காலே போய்விடுமோ என்று தினமும் வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வேறொருவர் கொடுத்த எலும்பு இரண்டாவது டெஸ்டில் தேறி வர வாரக்கணக்கானது. நல்லவேளை, அதற்குள் சீழ் வற்றியிருந்தது. அந்த பிளாக் பொருந்தியது, ஒட்டியது. முருகன் திரும்ப வேலைக்குப் போனார். முட்டி மட்டும் முழுதாக மடங்குவதில்லை. நான் இழுத்தடித்ததால்தான் அப்படி என்று இன்றும் சொல்கிறாராம். பாக்கியநாதனுக்கு மாத்திரையிலேயே நோய் குணமானது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எலும்பைச் செதுக்கப் பழகிவிடலாம். ஒருவருக்குக் கொடுத்த வாக்குக்காக, இன்னொருவரின் கோபத்தைக் காரணம் சொல்லாமல் வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும்.