கழுவிக் கொடுத்த கார்

என் மனைவி குட்னி யாரிடமும் உதவி கேட்கமாட்டாள். எங்கள் ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவளுடைய முடி திருத்தும் கடை. வடதுருவத்தை ஒட்டிய ஃபின்மார்க்கின் இந்தக் கடற்கரையில் அவள் கை படாத தலை குறைவு. கல்யாணத்துக்கும் அவள்தான், சாவுக்கு முன்னால் முதியோர் இல்லத்தில் கடைசியாக வெட்டுவதும் அவள்தான். ஊர்க்காரர்கள் தங்கள் பெண்டாட்டியிடம் சொல்லாததையும் அவளிடம் சொல்வார்கள். ஆனால் தன் கதையை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன செய்தியே ஊருக்கு ஒரு குளிர்காலம் கழித்துத்தான் தெரிந்தது.

வாரத்தில் மூன்று நாள் எனக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நோயாளிகளை அழைத்துப்போக அரசாங்க டாக்சி உண்டு. "அத நாம எடுத்துக்கிட்டா வேற யாருக்காவது இல்லாமப் போயிடும்" என்று சொல்லி, பழைய டீசல் காரில் அவளே ஓட்டிப்போவாள். அந்தக் காரின் ஹீட்டர் டிசம்பர் தொடக்கத்தில் செத்துவிட்டது. ஹீட்டர் இல்லாத வண்டியை மலையில் விடமாட்டார்கள். நல்லவேளை, கோடையிலேயே ஒரு மின்சாரக் காருக்குச் சொல்லிவைத்திருந்தோம். செப்டம்பரில் தருகிறோம் என்றவர்கள் டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை புயலில் மலைச் சாலையை மூடிவிட்டார்கள். என் டயாலிசிஸ் தவறிப்போயிற்று. திங்கட்கிழமை காலையில் என் கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் போனில் சொன்னதைக் குட்னி கேட்டுக்கொண்டாள். என் காலில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையை மாட்டி, பெரிய செருப்புக்குள் திணித்தாள். இந்தக் காற்றில் ஹெலிகாப்டரும் எழும்பாது. காரை வாங்கிக்கொண்டு, அப்படியே மலை ஏறிப் போவதென்று முடிவு.

கார் கடையில் யோக்கிம் என்று ஒரு பையன். தெற்கே எங்கேயோ பிறந்து, கோடையில் இங்கே வேலைக்கு வந்தவன். எங்கள் குளிர்காலத்தை அவன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தான். காருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, மேஜையில் கேக் வைத்து, எங்களை இரண்டு பக்கமும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தான். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க ஹால்வார்" என்றான். அந்த ரிப்பனை எடுத்து அவன் கழுத்தில் கட்டலாம்போல இருந்தது.

குட்னி காரைத் தடவிப் பார்த்தாள். ஈரம்.

"கழுவினியா?"

"பளபளன்னு இருக்க வேணாமா? போட்டோவுக்கு!"

"வெளியில என்ன குளிர்னு தெரியுமா உனக்கு?"

"இது புது கார். எல்லாத்தையும் தாங்கும். விண்டர் பேக்கேஜும் உள்ளயே வெச்சிருக்கேன்."

பின் சீட்டில் ஒரு காகிதப் பை. அதற்குள் பனி சுரண்டும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று, கடையின் பெயர் போட்ட தொப்பி ஒன்று, ஒரு பொட்டலம் மிட்டாய்.

"இது விண்டர் பேக்கேஜா, பொறந்தநாள் பையா?" என்றாள் குட்னி.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பழைய காரின் டிக்கியிலிருந்து மண்வாரி, இழுவைக் கயிறு, கம்பளிப் போர்வைகள், மெழுகுவத்தி, சாக்லேட், காபி ஃபிளாஸ்க், முதியோர் இல்லத்துக்கு எடுத்துப்போகும் தன் தொழில் பை எல்லாவற்றையும் புதுக் காருக்கு மாற்றினாள். கதவு ரப்பர்களைத் துணியால் ஒற்றி எடுத்தாள். சக்கரத்தில் குனிந்து, பனியில் வழுக்காத ஆணி டயர்தானா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனையும் பார்த்தவள் சார்ஜ் போடும் இடத்தின் மூடியை மட்டும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. முப்பது வருஷம் டீசல் ஊற்றியவர்கள் நாங்கள்.

"சார்ஜ் பாதிதானே இருக்கு?" என்றேன்.

"மலையடியில சார்ஜர் இருக்கு. அங்க போட்டுக்குங்க" என்று கேக்கை நீட்டினான். டயாலிசிஸ்காரன் அந்தக் கேக்கைத் தின்னக் கூடாது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மலையடியில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. கான்வாய் பத்து மணிக்கு. முன்னால் பனி தள்ளும் லாரி போகும், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். சூரியனே உதிக்காத எங்கள் டிசம்பர் இருட்டில் வரிசை ஏற்கெனவே நின்றது. கட்டையை ஒட்டி முதலில் நின்றது நண்டு பிடிக்கும் தோர்மூடின் பிக்கப். அவனுக்குப் பின்னால் பள்ளிக்கூட டீச்சர் ஓய்டிஸ். அப்புறம் எல்லாம் தெரிந்த வண்டிகள், குட்னி வெட்டிவிட்ட தலைகள்.

கான்வாயை நடத்துகிற ஐலெர்ட் எங்கள் ஜன்னலைத் தட்டினான். கம்பளி இருக்கிறதா, மண்வாரி இருக்கிறதா என்று கேட்டான். அப்புறம் சார்ஜைப் பார்த்தான்.

"நாப்பத்தெட்டா? முடியாது குட்னி. மேல மாட்டிக்கிட்டா மணிக்கணக்கா ஹீட்டர் ஓடணும். போய் சார்ஜ் போடு. பத்துக்குள்ள எழுபதத் தாண்டினா சேத்துக்கறேன்."

"தாண்டலேன்னா?"

"காத்து ஏறுது. இன்னிக்கு இதான் கடைசியா இருக்கும்."

அவன் என் முகத்தையும் பார்த்தான். வீங்கிய முகத்தைப் பார்க்காததுபோலப் போய்விட்டான்.

வண்டிகள் காத்து நிற்கும் மைதானத்தின் கடைசியில் சார்ஜர் இருந்தது. குட்னி காரை நிறுத்தி, பட்டனை அமுக்கினாள். மூடி திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். உள்ளே மோட்டார் முனகியது, மூடி அசைந்துகொடுக்கவில்லை. போட்டோவுக்காகக் கழுவிய தண்ணீர் விளிம்பெல்லாம் ஓடி, இந்தக் குளிரில் பாறையாகிவிட்டிருந்தது.

அவள் இறங்கினாள். உள்ளங்கையால் அடித்தாள். கையுறையைக் கழற்றி வெறுங்கையை வைத்து அழுத்தினாள். ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து மூடியில் சாய்த்துப் பிடித்தாள்.

"சூடு உள்ள நிக்கிறதுக்குத்தான் ஃபிளாஸ்க்கு. வெளிய எப்படி வரும்?" என்றேன் ஜன்னலை இறக்கி.

"வாய மூடிக்கிட்டு ஜன்னல ஏத்து, கெழவா. சார்ஜ் போகுது."

"காபிய ஊத்து!"

"ஊத்தினா அதுவும் உறையும்."

அவளுடைய தொழில் பையில் ஹேர் டிரையர் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் இருந்த காவல் குடிசையின் சுவரில், என்ஜின் ஹீட்டர்களுக்கென்று வைத்த பிளக் பாயிண்ட் இருந்தது. ஆனால் சுவரை ஒட்டி ஒரு கார்கூட நுழைய இடமில்லாதபடி வரிசை அடைத்துக்கொண்டிருந்தது. தேவைப்பட்டதெல்லாம் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர். இந்தச் சீமையில் டீசல் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவன் டிக்கியிலும், என்ஜினைச் சூடாக்குவதற்கான ஒரு வயர் சுருண்டு கிடக்கும். எங்களுடையது அத்தனை நாள் இருந்தது. மின்சாரக் காருக்கு எதற்கு என்று குட்னி போன வாரம்தான் மச்சானுக்குக் கொடுத்திருந்தாள்.

போய் ஒரு ஜன்னலைத் தட்டினால் போதும். அவள் தட்டவில்லை. வெறுங்கையை மூடியில் வைப்பாள், வாயில் வைத்து ஊதுவாள், மறுபடி மூடியில் வைப்பாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

வரிசையில் இருந்தவர்கள்? அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. எல்லாருடைய விளக்கும் எரிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் கேட்கவில்லை, கேட்காதவள் விஷயத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்று அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை, வராதவர்களைத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை என்று இவள் நின்றாள். நடுவில் நான் ஒருவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தேன். நல்ல மரியாதை! என் பிணத்தை வைத்துக்கொண்டும் இந்த மரியாதையைக் காப்பாற்றியிருப்பார்கள்.

நான் சீட்டில் நகர்ந்து ஹாரனை அமுக்கினேன்.

எங்கள் பக்கத்தில் ஹாரன் இருப்பது சாலையில் நிற்கும் கலைமானுக்கு. மனிதரைப் பார்த்து அடிப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். கையை எடுக்காமல் அடித்தேன். மலை திருப்பிச் சொன்னது.

"ஹால்வார்! உனக்குப் பைத்தியமா? மானம் போகுது!" என்று குட்னி கத்தினாள்.

"போகட்டும்!"

கதவுகள் திறந்தன. தோர்மூட்தான் முதலில் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா இது அசிங்கம்? கலைமானா நாங்க?"

"கலைமானா இருந்தா இந்நேரம் எந்திரிச்சு வந்திருக்கும்" என்றேன். "வயர் இருக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். குட்னியின் கையைப் பார்த்தான். "இருக்கு" என்றான்.

போய் அதை எடுத்துவந்தான். ஓய்டிஸ் டீச்சர் ஒன்று கொண்டுவந்தார், பின்னால் நின்றவர்கள் கொண்டுவந்தார்கள். ஆரஞ்சு வயர்களை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே பனியில் இழுத்துவந்தார்கள். குட்னி டிரையரைப் பிடித்தாள். கல்யாணப் பெண்ணுக்குப் பிடிப்பதுபோலவே, விளிம்பு விளிம்பாகப் பிடித்தாள். மூடி 'டக்' என்று திறந்தது.

திறந்து என்ன? பேட்டரியும் குளிரில் விறைத்திருந்தது. சார்ஜ் ஆமைபோல ஏறியது. ஐலெர்ட் வந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அம்பத்தஞ்சு. நேரம் ஆச்சு குட்னி. பனி லாரி நிக்காது."

குட்னி வாயைத் திறந்தாள். இந்த ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி'யைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

தடுப்புக் கட்டை உயர்ந்தது. லாரியின் மஞ்சள் விளக்கு சுழன்றது. முதலில் நின்ற பிக்கப் நகரவில்லை. தோர்மூட் இறங்கினான், பானெட்டைத் தூக்கினான், உள்ளே தலையை விட்டான். இரண்டு பக்கமும் பனிச்சுவர். அவனைத் தாண்டி யாரும் போக வழியில்லை.

ஐலெர்ட் ஓடினான். "என்ன ஆச்சு?"

"கெளம்ப மாட்டேங்குது."

"இப்பத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

"டீசல் வண்டி. குளிர்ல நம்பவே முடியாது" என்றான் தோர்மூட். போன வாரம்வரை நாங்கள் வாங்கப்போகும் மின்சாரக் காரைச் சலவை மெஷின் என்று கேலி செய்து திரிந்தவன் அவன்.

ஐலெர்ட் பிக்கப்பைப் பார்த்தான். சார்ஜர் பக்கம் பார்த்தான். கையிலிருந்த ரேடியோவை உயர்த்தி, "மொத வண்டியில கோளாறு. கொஞ்சம் நேரமாகும்" என்றான். உடனே ஓய்டிஸ் டீச்சரும் இறங்கித் தன் காரின் பானெட்டைத் தூக்கிவைத்தார். அந்தக் காருக்கு என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை.

எண் எழுபதைத் தாண்டியதும் குட்னி சார்ஜ் வயரைக் கழற்றினாள். பிக்கப் சாவியின் முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. மலை முழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் என்னை மெஷினில் மாட்டிய பிறகு, விரல்களில் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஹாரன் அடிச்சியே பாவி" என்றாள். மறுநாள் யோக்கிம் போன் செய்து, கார் ஒப்படைத்த விதம் திருப்தியா என்று விசாரித்தான். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் தோர்மூட் முடி வெட்டிக்கொள்ள வந்தான். நான் மூலையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்னி இடது பக்கம் முழுக்க வெட்டி முடித்து, கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவன் கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கல்லுளிமங்கன்.

"கேளு" என்றாள் குட்னி.

"என்னத்த?"

"மீதிய வெட்டுன்னு வாயத் தொறந்து கேளு. எத்தன வருஷமா உன் தலையப் பிடிச்சிருக்கேன்? நான் அங்க கை செத்து நிக்கிறேன், எறங்கி வந்து என்னன்னு ஒரு வார்த்த கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிந்திடும்?"

தோர்மூட் மேலே போர்த்தியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீ ஃபிளாஸ்க்க எடுத்தப்பவே வயர எடுத்துட்டேன். மடியிலதான் வெச்சிருந்தேன். இப்பக் கேப்ப, இப்பக் கேப்பன்னு."

பேப்பர் என் கையிலிருந்து நழுவியது. மடியில்! அத்தனை நேரமும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை அப்படியே நாற்காலியோடு கவிழ்த்துவிடலாம் என்று எழுந்தேன். குட்னி கையைக் காட்டி என்னை உட்காரவைத்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, கண்ணாடியில் அவனுக்குத்தான் தெரிந்தது.

"நான் கேக்கமாட்டேன், தோர்மூட்" என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு வராது. நீ கேக்காமலே வா."

"சரி."

"இப்ப நீ கேளு."

அவன் கண்ணாடியில் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மீதிய வெட்டிவிடு, குட்னி" என்றான்.

அவள் கட்டுப்போட்ட விரல்களால் கத்தரிக்கோலை எடுத்தாள்.