சமையலறைக் கதவில் இருந்த அணில்கள்

அக்கா வீட்டுச் சமையலறைக்குக் கதவு இல்லை. கழற்றியவர் அத்தான்தான். திரும்ப மாட்டச் சொன்னால் காதில் வாங்குவதில்லை.

அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் வேலை, இருபத்தாறு வருடமாக. அணில் வேட்டைக்கு அனுமதி உள்ள இரண்டு மாதமும், விடுமுறை நாள் ஒன்று விடாமல், வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கும் கொட்டை மரத் தோப்பில்தான் கிடப்பார். அதைத் தவிர அவருக்கு வேறு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஒரு அணிலுக்கு ஒரு தோட்டா. இரண்டாவது தேவைப்பட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் வேட்டைக்காரர்களான எங்களுக்குள் அவர் பெயர் ஒற்றைத் தோட்டா.

வீடு திரும்பியதும் முதல் வேலை, சமையலறைக் கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடு போடுவது. கண்ணில் பட்ட அணில் ஒன்றுக்கு ஒரு கோடு.

“மத்த வீட்டுல புள்ளைங்க கிறுக்கும். இங்க புருஷன் கிறுக்குறாரு” என்பாள் அக்கா.

முதல் வருடம் கதவில் நாற்பது கோடு. சரிவின் கீழ்ப்பாதி மரங்களை வெட்டி வீடு கட்டினார்கள். அடுத்த வருடம் இருபத்தைந்து. பிறகு பதினொன்று, ஆறு, கடைசியில் இரண்டு.

வேட்டை முடிந்ததும் எத்தனை அணில் பார்த்தோம் என்று வன அலுவலகப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையை எழுதிக் கெடுத்துக்கொள்ள நாங்கள் என்ன பைத்தியமா?

“நாப்பதுன்னே போடுங்கப்பா. கொறஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா வேட்டைய மூடிருவாங்க” என்றார் அத்தான். யோசனை அவருடையதுதான். பன்னிரண்டு வேட்டைக்காரர்களும் வருடா வருடம் நாற்பது போட்டோம்.

போன வருடம் ஒரு மர வியாபாரி மேல்பாதித் தோப்பையும் வெட்ட அனுமதி கேட்டார். அணில் குறைந்துபோன இடம் என்றால் சட்டப்படி மரத்தில் கை வைக்க முடியாது. வன அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். அத்தான் கதவைக் கழற்றி, தலையில் சுமந்துகொண்டு வந்தார். ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. எங்கள் படிவங்களை மேசையில் பரப்பினார்.

“நீங்க எழுதினதுல கொறையவே இல்லையே?”

“அது பொய்ங்கம்மா. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். நெசம் இந்தக் கதவுல இருக்கு. போன தடவ ரெண்டே ரெண்டு. இந்தத் தோப்பும் போயிருச்சுன்னா அதுவும் இல்லீங்க.”

“பொய்க் கணக்குன்னா லைசென்ஸ் போயிரும், தெரியுமில்ல?”

“போகட்டும்ங்க. தோப்பு நிக்கட்டும்.”

அதிகாரியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். “மத்தவங்க எழுதினதும் பொய்யா?”

அத்தான் எங்களைப் பார்த்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். அவர் வாங்கித் தந்த துப்பாக்கி என் வீட்டில் இருக்கிறது. லைசென்ஸும் இருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன். பதினோரு பேரும் தரையைத்தான் பார்த்தோம்.

“ஒருத்தர் பேச்ச மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கதவெல்லாம் ஆதாரமாகாது” என்றார் அதிகாரியம்மா.

ஒன்பது நாளில் தோப்பு மொட்டையானது. லைசென்ஸ் போனது அத்தானுக்கு மட்டும். கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார், கோடு போட்ட பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி. என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. நான் போனால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இந்த வருடம் வேட்டைக்கு அனுமதி உண்டு. வெட்டிய மரங்களின் அடிக்கட்டை ஒன்றில் ஆறு நாள் காலையில் உட்கார்ந்தேன். ஒரு அணில்கூட இல்லை. படிவத்தில் சைபர் போட்டேன். இந்தத் தடவையாவது மனுஷனாக இருப்போம் என்றுதான் போட்டேன், சத்தியமாக.

அலுவலகக் குமாஸ்தா படிவத்தை வாங்கிப் பார்த்தார். “என்னங்க, வருஷா வருஷம் நாப்பது. இப்ப சைபர்? அப்ப முன்னாடி போட்டதெல்லாம்...” என்று இழுத்தார். பிறகு பேனாவை நீட்டினார். “சைபருக்கு முன்னால நாலு போட மறந்துட்டீங்களா?”

“ஆமா சார், மறந்துட்டேன்” என்றேன்.

பேனாவை வாங்கி நாலைப் போட்டேன்.